கழுவாத படம்

சாமி, நேற்றுக் காலையில் நீ ராய்ப்பூரிலிருந்து போன் செய்தபோது நான் யார்டில் மல்லாந்து படுத்துக்கொண்டு ஒரு பழைய கம்ப்ரஸரின் அடிவயிற்றைப் படம் எடுத்துக்கொண்டிருந்தேன். புடவைக்கு மேல் போட்டிருந்த காக்கிச் சட்டையெல்லாம் ஆயில். சாப்பிட்டீர்களா என்று கேட்டாய். அப்பா ஒழுங்காக மருந்து எடுத்துக்கொள்கிறாரா என்று கேட்டாய். மண்டபத்துக்குச் சமையல்காரர் பேசியாகிவிட்டதா என்று கேட்டாய். நீ இவ்வளவு அக்கறையாக விசாரித்தால் பின்னால் ஏதோ வருகிறது என்று அர்த்தம். உன்னைப் பெற்றவள் நான். கடைசியில் விஷயத்துக்கு வந்தாய். "அம்மா, ஓனரு ரொம்ப வருத்தப்படறாருங்க. அவரு கம்ப்ரஸரு போட்டோவ மட்டும் கொஞ்சம் நல்லா மாத்தி எடுத்துக் குடுத்துடுங்களே. நம்ம கல்யாணத்துல தாலி எடுத்துக் குடுக்கப்போற மனுசன். அவருகிட்டப் போயி இப்படி மொறச்சுக்கிட்டு இருந்தா நல்லாவா இருக்குது?" என்றாய். வேலையாக இருக்கிறேன், பொறவு பேசறேன் என்று சொல்லி வைத்துவிட்டேன்.

அந்தப் பொறவு இதுதான். போனில் பேசினால் நீ நடுவில் "விடுங்கம்மா" என்பாய். உன் அப்பாவும் அதையேதான் சொல்வார். அந்த ஒரு வார்த்தையை வைத்துக்கொண்டு நீங்கள் இரண்டு பேரும் இத்தனை வருடம் என்னைச் சமாளித்துவிட்டீர்கள். காகிதத்தில் எழுதினால் நீ குறுக்கே பேச முடியாது. படித்துவிட்டு இதை ஒளித்து வைக்காதே. உன்னோடு வேலை செய்கிறவர்கள் படிக்கட்டும், பெண் வீட்டார் படிக்கட்டும், ஊரில் யாருக்கு வேண்டுமோ அவர்களெல்லாம் படிக்கட்டும். பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். படத்தை நான் மாற்றி எடுக்க மாட்டேன். உன் ஓனர் தாலியையும் எடுத்துக் கொடுக்கப் போவதில்லை. ஏன் என்று சொல்லத்தான் மீதிக் கடிதம்.

நிச்சயதார்த்தத்தன்று நடந்ததை நீ மறந்திருக்க மாட்டாய். பெண் வீட்டுப் பெரியவர் ஒருவர், நல்ல மனிதர்தான், வெற்றிலையை மடித்துக்கொண்டே சொன்னார்: "மாப்பிள்ளைக்கு அப்பா இருக்காரு, இல்லைங்கல. ஆனா பீச்சாங்கையில தாலி எடுத்துக் குடுத்தா நல்லாருக்குங்களா?" உன் அப்பாவுக்கு இருப்பது அந்த இடது கை ஒன்றுதான் என்று கூடத்தில் இருந்த எல்லாருக்கும் தெரியும். உன் அப்பாதான் தலையைக் குனிந்துகொண்டு, "அதுக்கென்னுங்க, நம்ம ஓனரு எடுத்துக் குடுக்கட்டும். அவரு கை ராசியான கை" என்றார். நான் உன் முகத்தைப் பார்த்தேன். உனக்கு அப்பாடா என்று இருந்தது. அந்த முகத்தை நான் படம் எடுக்கவில்லை, ஆனால் அது என்னிடம் இருக்கிறது.

என் வேலையைப் பற்றி நீ யாரிடமும் விவரமாகச் சொன்னதில்லை. பெண் வீட்டாரிடம் "அம்மா ஒரு கம்பெனியில இருக்காங்க" என்று சொல்லி வைத்திருக்கிறாய். என் கம்பெனி நாமக்கல் ரோட்டோரம் தகரக் கூரை போட்ட யார்டு. போர்வெல் போடுகிற ரிக்காரர்கள் ஓட்டித் தீர்த்த கம்ப்ரஸர், குவாரியில் இருந்து வந்த ஜெனரேட்டர், கிரஷர் மோட்டார் எல்லாம் அங்கே வந்து நிற்கும். வாங்குகிறவன் ஒடிசாவில் இருப்பான், ஆப்பிரிக்காவில் இருப்பான். அவன் நேரில் வருவதில்லை. நான் எடுத்து அனுப்புகிற படத்தைப் பார்த்துத்தான் வாங்குவதா வேண்டாமா என்று முடிவு செய்வான். முதலில் நான் அங்கே டீசல் தொட்டுத் துடைக்கிற வேலைக்குத்தான் போனேன். படம் எடுத்துக்கொண்டிருந்த பையன் கல்யாண ஸ்டுடியோவுக்குப் போனதும், யார்டுக்காரர் கேமராவை என் கையில் கொடுத்தார். துடைத்துத் துடைத்து எந்த இயந்திரத்துக்கு எங்கே நோவு என்று எனக்குத் தெரிந்திருந்தது. கேமராவைப் பிடிக்க மட்டும்தான் கற்றுக்கொள்ள வேண்டியிருந்தது.

எங்கள் யார்டில் ஒரு முறை வைத்திருக்கிறோம். வண்டி உள்ளே வந்ததும் கழுவுவதற்கு முன்னால் ஒரு சுற்றுப் படம் எடுக்க வேண்டும். கழுவிச் சுரண்டிய பிறகு ஒரு சுற்று. பெயின்ட் அடித்த பிறகு ஒரு சுற்று. மூன்றையும் சேர்த்துத்தான் அனுப்புவோம். மற்ற யார்டுகளில் பெயின்ட் அடித்த படம் மட்டும் போகும். அது மாப்பிள்ளை அலங்காரம் செய்து எடுத்த படம் மாதிரி, எல்லாரும் அழகாகத்தான் இருப்பார்கள். கழுவாத படத்தில்தான் விவரம் இருக்கும். ஆயில் கசிகிற இடத்தில் தூசி அப்பிக்கொண்டிருக்கும். காற்று கசிகிற இடம் மட்டும் ஊதி ஊதிச் சுத்தமாக இருக்கும். வெயில் உச்சிக்கு ஏறிவிட்டால் தகரம் பளபளத்து எதுவும் தெரியாது. காலையில் வெளிச்சம் சாய்வாக வந்து மேலே தடவிக்கொண்டு போகும்போது எடுத்தால், பெயின்டுக்கு அடியில் ஒட்டுப் போட்ட மேடெல்லாம் தெரியும். எனக்கு இந்த வேலை பிடித்திருக்கிறது. கதவைத் திறந்தால் குளவிக்கூடு இருக்கும், காய்ந்த எலுமிச்சம்பழம் கயிறோடு தொங்கும். பெயின்டைச் சுரண்டினால் அடியில் முந்தின ஓனரின் மகள் பெயர் வரும், அதற்கும் அடியில் அவருக்கும் முந்தினவரின் மகள் பெயர் வரும்.

கல்யாணம் செய்துகொள்ளப் போகிறவனுக்கு அம்மா ஏதாவது புத்தி சொல்ல வேண்டும் இல்லையா, இந்த இடத்தில் ஒன்று சொல்கிறேன். வரப்போகிறவளுக்குக் கழுவாத படத்தையே காட்டு. உன் கோபம், உன் பயம், உன் அம்மா தரையில் படுத்து ஆயில் டேங்கைப் படம் எடுக்கிறவள் என்பது, எல்லாவற்றையும் முதல் மாதத்திலேயே காட்டிவிடு. பிறகு சுரண்டித் தெரிந்துகொள்கிறவளுக்கு வருகிற ஆத்திரம் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும்.

இனி உன் அப்பா கதைக்கு வருகிறேன். உனக்குத் தெரிந்த கதை வேறு. அது உன் ஓனர் சொன்ன கதை. நீ ஆறாவது படித்துக்கொண்டிருந்தாய். அப்பா அவருடைய ரிக்கில் டிரில்லர். போர் போடும்போது கம்ப்ரஸரில் இருந்து காற்று ஒரு தடித்த ஹோஸ் வழியாக ரிக்குக்குப் போகும். அந்தக் காற்றுதான் பாறைத்தூளை எல்லாம் மேலே தள்ளும். டேங்கில் இருந்து காற்று வெளியே வருகிற குட்டைக் குழாயைக் கழுத்து என்போம். கழுத்தில்தான் ஹோஸைப் பூட்ட வேண்டும். அந்தச் சமயத்தில் அப்பா சாப்பிட உட்காரும்போதெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார்: "கழுத்துல காத்து ஊதுது. ஓனருகிட்டச் சொன்னதுக்கு ஒட்டு வச்சுக் குடுத்திருக்காரு. புதுசு போடோணும்னா, இந்தத் தோட்டம் முடியட்டும்கறாரு." அப்போது போர் போட்டுக்கொண்டிருந்த தோட்டம் மேச்சேரிப் பக்கம். அது முடியவில்லை. வேகமாக ஓடிக்கொண்டிருக்கும்போது ஹோஸ் பிய்த்துக்கொண்டு வந்து, பாம்பு மாதிரி சுழன்று, அப்பாவின் வலது கையை அடித்தது. தலையிலும் அடி. சேலத்தில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன பிறகு கையை எடுத்துவிட்டார்கள்.

அவர் கண் விழித்தபோது கட்டில் பக்கத்தில் உன் ஓனர் சாத்துக்குடிப் பையோடு உட்கார்ந்திருந்தார். நானும் அங்கேதான் நின்றிருந்தேன். "ஹோஸ நீ சரியாப் பூட்டலியப்பா. சரி போ, உசுரு தப்பிச்சுதே, அது போதும்" என்றார். உன் அப்பாவுக்கு அன்றைக்குக் காலையில் நடந்தது ஒன்றுமே ஞாபகமில்லை. பெரிய மனிதர் சொல்கிறார், பொய்யா சொல்வார் என்று நம்பிவிட்டார். வெளியே வந்து அதே ஓனர் ஊரெல்லாம், "தண்ணி போட்டுட்டு வண்டியில கைய வச்சா இப்படித்தான்" என்று சொன்னார். உன் அப்பா காப்பியில் சர்க்கரை கூடினால்கூட முகம் சுளிக்கிற ஆள், அவருக்கு எங்கே தண்ணி. நான் அப்போதே அவர் வீட்டு வாசலில் போய் நின்று கேட்டேன். "பூட்டாம உட்டதுன்னா ஹோஸுதானுங்க கழண்டிருக்கோணும். அன்னைக்கே கம்ப்ரஸர எதுக்குங்க பட்டறைக்குக் கொண்டு போனீங்க?" என்றேன். "சர்வீசுக்கு அம்மிணி" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். போய்ப் பார்க்கலாம் என்றால் வண்டி எங்கே இருக்கிறது என்று ஒருவரும் சொல்லவில்லை.

அதற்குப் பிறகு உன் அப்பா எதையும் பூட்டிவிட்டு ஒரு தடவையோடு விடுவதில்லை. கோழிப்பண்ணையில் முட்டை பொறுக்குகிற வேலைக்குப் போகிறாரே, அங்கே ஒவ்வொரு கூண்டுக் கதவையும் இழுத்து இழுத்துப் பார்ப்பாராம். கூட வேலை செய்கிற பெண்கள் சிரிப்பார்கள். வீட்டில் கேஸ் சிலிண்டரை நான் மூடினால் அவர் போய் மறுபடி திருகிப் பார்ப்பார். "பூட்டாம உட்டவன் நானு, எனக்குப் பயமா இருக்குது" என்பார். கை போனதைக்கூட அவர் பொறுத்துக்கொண்டார். தன் கையைத் தானே தொலைத்துக்கொண்ட முட்டாள் என்று தன்னை நினைத்துக்கொண்டு வாழ்ந்ததுதான் அவரைத் தின்றது. அதைத் தினமும் பக்கத்தில் இருந்து பார்த்தவள் நான். எனக்கு ஏன் ஆறவில்லை என்று நீ கேட்கிறாயே, இதனால்தான் ஆறவில்லை.

உன்னை நாமக்கல்லில் ஹாஸ்டல் பள்ளிக்கூடத்தில் சேர்த்துவிட்டதும் உன் ஓனர்தான். தர்மப் பிரபு என்று ஊர் மெச்சியது. என் வாயில் திணித்த துணி என்று நான் சொன்னேன். வேண்டாம் என்று சண்டை போட்டேன். உன் அப்பா தலையாட்டிவிட்டார், பள்ளிக்கூடத்தைப் பார்த்ததும் நீ துள்ளிக் குதித்தாய். லீவுக்கு வரும்போதெல்லாம் ஓனர் அய்யா, ஓனர் அய்யா என்றாய். நான் ஏதாவது சொல்ல ஆரம்பித்தால், "உங்களுக்கு அவர் மேல எப்பவும் ஒரு இதுங்கம்மா" என்பாய். படித்து முடித்ததும் அவருடைய ரிக்குகளுக்கே மேனேஜராகப் போனாய். நீ கெட்டிக்காரன், வேலையில் சுத்தம், எனக்குப் பெருமைதான். ஆனால் ஒவ்வொரு மாதமும் நீ அவர் பெயரை மரியாதையாகச் சொல்லும்போது எனக்கு வயிறு எரிந்தது. அதையும் சொல்லிவிடுகிறேன்.

ஆடி முடிந்த கையோடு ஒரு நாள் ஒரு கம்ப்ரஸர் யார்டுக்குள் வந்தது. புதுப் பச்சைப் பெயின்ட். முதலில் நான் கவனிக்கவில்லை. இடது பக்கக் கதவைப் படம் எடுக்கப் போனபோது கீல் ஓரத்தில் ஒரு சின்னக் கொக்கி இருந்தது. சாப்பாட்டுப் பை மாட்ட உன் அப்பா தானே வெல்டிங் வைத்துக்கொண்ட கொக்கி அது. அதைப் பற்றி என்னிடம் பெருமையடித்திருக்கிறார். கேமராவைக் கீழே வைத்துவிட்டு அந்தக் கொக்கியைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன். பிறகு போய் முகம் கழுவி, தண்ணீர் குடித்து, வந்து வேலையை ஆரம்பித்தேன். நான் அந்த யார்டில் இருப்பது உன் ஓனருக்குத் தெரியும். துடைக்கிறவள் என்று நினைத்திருப்பார். படம் எடுக்கிறவள் என்று தெரிந்திருந்தால் அனுப்பியிருக்க மாட்டார்.

யார்டு முறைப்படி எல்லாம் செய்தேன். ஒன்றைக் கூட்டவுமில்லை, குறைக்கவுமில்லை. கழுவும் முன் எடுத்தேன். எங்கள் மெக்கானிக் பொன்னுசாமி கழுத்தைக் கம்பி பிரஷ் போட்டுச் சுரண்டினான். பச்சைக்கு அடியில் மஞ்சள், மஞ்சளுக்கு அடியில் நீலம். நீலமும் போன பிறகு கழுத்தைச் சுற்றி வளையல் போட்ட மாதிரி வெல்டிங் தெரிந்தது. ஒரு வளையல் பழசு. அது உன் அப்பா சொன்ன ஒட்டு. அதன் மேலேயே தடிமனாக இன்னொரு வளையல். பொன்னுசாமி பிரஷைக் கீழே போட்டுவிட்டு, "இதுக்குப் பக்கத்துல நின்னு எவன்க்கா ஓட்டுனான்?" என்றான். மறுநாள் காலை வெளிச்சம் சாய்வாக விழும் வரைக்கும் காத்திருந்து அந்தக் கழுத்தை எடுத்தேன். என் வாழ்நாளில் எடுத்த படங்களிலேயே தெளிவான படம் அது. ஒவ்வொரு சொட்டு வெல்டிங்கும் தனித்தனியாகத் தெரியும்.

நீ மெஷின் படித்தவன், யோசித்துப் பார். ஹோஸைப் பூட்டாமல் விட்டிருந்தால் ஹோஸ் மட்டும் கழன்றிருக்கும். கழுத்துக்கு ஒன்றும் ஆகியிருக்காது. அதற்கு இரண்டாவது வளையல் எதற்கு? கழுத்தே அறுந்து ஹோஸோடு போயிருந்தால்தான் அதைத் திரும்ப வைத்து ஒட்ட வேண்டி வரும். இதுதான் அவர் சர்வீஸ். அப்படி ஒட்டியதைப் பெயின்ட் அடித்து மூடி, அதற்குப் பக்கத்திலேயே இத்தனை வருடம் வேறு வேறு ஆட்களை நிறுத்தி வேலை வாங்கியிருக்கிறார். அவர்களும் யாரோ ஒருத்திக்குப் புருஷன், யாரோ ஒருத்தி பெற்ற பிள்ளை.

படங்கள் போயின. கேட்டவர்கள் எல்லாரும் அந்தக் கழுத்தைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு இது என்ன என்று கேட்டார்கள். ஒட்டு என்று உள்ளதைச் சொன்னோம். ஒவ்வொருவராகக் கழன்றுகொண்டார்கள். அடுத்து உன் ஓனர் ஒரு ஜெனரேட்டர் அனுப்பினார், ஒரு பழைய லாரி அனுப்பினார். அவற்றையும் அதே முறைப்படி எடுத்தேன். அவையும் நிற்கின்றன. கம்ப்ரஸர் மேல் கோவைக்கொடி ஏறிவிட்டது. வெட்ட வந்தவனை வெட்டாதே என்று நான்தான் தடுத்தேன். சந்தோஷமாக இருந்ததா என்று கேட்டால், ஆமாம், இருந்தது. காலையில் யார்டுக்குள் நுழைந்ததும் முதலில் அந்த மூலையைத்தான் பார்ப்பேன். அங்கேயே நிற்கிறது என்று தெரிந்ததும் டீ இன்னும் ருசியாக இருக்கும். நல்ல பெண்கள் இப்படி எழுதக் கூடாது என்று நீ நினைப்பாய். நான் ஒரு பொய்கூடச் சொல்லவில்லை, ஒரு திருகாணியைக்கூட அசைக்கவில்லை. உண்மையை எடுத்து அனுப்பியே ஒருவரைப் பழிவாங்க முடிகிறது என்றால், அது அவருடைய வினை.

போன வாரம், வரப்போவதாக யார்டுக்குச் சொல்லிவிட்டு அவரே வந்தார். வெள்ளைச் சட்டை, பாக்கெட்டில் உன் கல்யாணப் பத்திரிகையின் மாதிரி. அதில் தன் பெயர் போட்டிருக்கும் இடத்தை எனக்கே காட்டினார்.

"என்ன அம்மிணி, நம்ம வண்டிய இப்படிப் படம் புடிச்சுப் போட்டிருக்கறீங்களாமா?"

"இருக்கறதத்தானுங்க புடிக்க முடியும்."

"அது சரி. ஆனா நமக்குள்ள ஒரு இது இருக்குதில்ல? நாளைக்கு உங்க பையனுக்குத் தாலி எடுத்துக் குடுக்கப் போறவன் நானு."

"அதுக்குத்தானுங்க நானும் ஒரு வழி யோசிச்சேன். வீடியோ எடுத்துப் போட்டறலாம். ஓனரே பக்கத்துல நின்னு, கழுத்து மேல கைய வச்சுக்கிட்டு, வண்டி முழு லோடுல ஓடறதக் காட்டுனா வாங்கறவனுக்கு நம்பிக்கை வந்துருமுங்க. பழைய படத்தையெல்லாம் நானே நீக்கிப்போடறேன்."

சத்தியமாகச் சொல்கிறேன், அவர் அப்படி நின்றிருந்தால் நானும் சொன்னபடி செய்திருப்பேன். என் சந்தேகம் தப்பு என்று ஒப்புக்கொண்டிருப்பேன். அவர் மறுக்கவில்லை. வீடியோ என்றதும் சீப்பை எடுத்துத் தலையை வாரிக்கொண்டார். முகம் தெரிகிற இடத்தில், கன்ட்ரோல் பேனல் பக்கம் போய் நின்றார். போனை ஸ்டாண்டில் மாட்டி ஓடவிட்டேன். பொன்னுசாமியிடம் காலையிலேயே சொல்லி வைத்திருந்தேன், எஞ்சினைச் சும்மா ஓடவிடு, நான் என்ன சொன்னாலும் காற்றழுத்தம் ஏற்றுகிற லோடு பட்டனை மட்டும் தொடாதே என்று. எஞ்சின் ஓடியது. நான் போய்க் கழுத்தின் மேல் என் கையை வைத்தேன். "இன்னும் கிட்ட வாங்க. இங்க, இந்த எடத்துல. எங்க ஊட்டுக்காரரு நின்னது இங்கதானுங்க" என்றேன். அவர் ஒரு அடி வந்தார், நின்றார். நெற்றியில் வேர்த்திருந்தது. பொன்னுசாமி அந்தப் பக்கமிருந்து, "லோடு ஏத்தட்டுங்களாக்கா?" என்று கத்தினான். "ஏத்து" என்றேன்.

"ஏத்தாத! டேய், ஏத்தாத! அந்தக் கழுத்து தாங்காதுடா! மறுபடியும் அத்துக்கும்!"

கத்திக்கொண்டே ஓடினார். வேட்டி முள்ளில் மாட்டியது, செருப்பு ஒன்று கழன்று விழுந்தது, திரும்பிப் பார்க்காமல் லாரிக்குப் பின்னால் போய் ஒளிந்தார். பொன்னுசாமி எஞ்சினை நிறுத்தினான். நான் கழுத்தில் இருந்து கையை எடுக்கவில்லை. உன் ஓனர் மெதுவாக எட்டிப் பார்த்தார். ஸ்டாண்டில் போன் இன்னும் ஓடிக்கொண்டிருப்பதைப் பார்த்தார். தான் என்ன சொன்னோம் என்பது அப்போதுதான் அவருக்கே உறைத்தது. "அத அழிச்சுப்போடு அம்மிணி" என்றார். "கழுவாத படத்த நாங்க அழிக்கறதில்லைங்க" என்றேன். ஒற்றைச் செருப்போடு காரில் ஏறிப் போனார். அதற்குப் பிறகுதான் உனக்குப் போன் செய்து, மிகவும் வருத்தமாக இருப்பதாகச் சொல்லியிருக்கிறார்.

அன்றைக்குச் சாயங்காலம் உன் அப்பா பண்ணையில் இருந்து வந்து கைகால் கழுவிய பிறகு, போனை அவர் கையில் கொடுத்து ஓடவிட்டேன். ரிக் சத்தத்தில் கெட்ட காது, அவருக்கு முதலில் பிடிபடவில்லை. ஓனர் ஓடுவதைப் பார்த்து, பாவம் விழுந்துவிடப் போகிறார் என்று பதறினார். அப்படிப்பட்ட மனிதரைத்தான் நான் கட்டிக்கொண்டேன். திரும்ப ஓடவிட்டேன். "மறுபடியும்னா சொல்றாரு?" என்று கேட்டார். ஆமாங்க என்றேன். இன்னொரு தடவை போடச் சொன்னார். பிறகு போனை என்னிடம் கொடுத்துவிட்டு, "அப்ப நான் பூட்டித்தான் இருந்திருக்கறேன்" என்றார். அதையே திரும்பத் திரும்பச் சொன்னார். "பூட்டித்தான் இருந்திருக்கறேன், பாரு. நான் பூட்டித்தான் இருந்திருக்கறேன்." எனக்கு அழுகை வந்தது. ஆஸ்பத்திரியில்கூட நான் அழவில்லை, அன்றைக்கு வாய்விட்டு அழுதேன். அவர் அழவில்லை. நீண்ட நாள் சுமந்த மூட்டையை இறக்கி வைத்தவர் மாதிரி தோளை அசைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

நான்தான் குதித்தேன். இதை எல்லாருக்கும் அனுப்புகிறேன், மண்டபத்தில் பெரிய திரையில் ஓடவிடுகிறேன், கல்யாணப் பத்திரிகையிலிருந்து அந்த ஆள் பெயரை நீக்கிவிடுகிறேன் என்றேன். அவர் கையைக் காட்டி நிறுத்தினார். "ஒண்ணும் வேண்டாம். பத்திரிகையில போட்டது போட்டதாவே இருக்கட்டும். அவரு வரோணும். மொத வரிசையில உக்காரோணும்" என்றார். எனக்கு ஆத்திரமாக வந்தது. மறுபடியும் விட்டுக்கொடுக்கிறாரே என்று சட்டியை நங்கென்று வைத்தேன். அவர் என்னைப் பார்த்தார். கல்யாணமான புதிதில் ரிக்கில் ஏறும்போது ஒரு பார்வை பார்ப்பார், அந்தப் பார்வையை அன்றைக்குத்தான் திரும்பப் பார்த்தேன். "உக்காந்து பாக்கட்டும். தாலிய நான் எடுத்துக் குடுக்கறேன்" என்றார்.

கேஸ் போடலாமே என்று நீ கேட்பாய். அதையும் பார்த்துக்கொள்வேன், வக்கீலிடம் கேட்டிருக்கிறேன். அதற்கும் கல்யாணத்துக்கும் சம்பந்தமில்லை. இந்தக் கடிதத்தோடு வீடியோவையும் உன் போனுக்கு அனுப்பியிருக்கிறேன். தனியாக உட்கார்ந்து பார். சத்தத்தைக் கூட்டி வைத்துக் கேள். உன் வேலை போகலாம். போனால் போகட்டும், உன்னைப் போல வேலை தெரிந்தவனுக்கு இன்னொரு ரிக் கிடைக்கும். உன்னோடு வேலை செய்கிற டிரில்லர்கள் எந்தக் கழுத்துக்குப் பக்கத்தில் நிற்கிறார்கள் என்று நாளைக்கே போய்ச் சுரண்டிப் பார். மேனேஜர் என்றால் அதுதான் முதல் வேலை. ஒருவன் வந்து காற்று ஊதுகிறது என்று சொன்னால், இந்தத் தோட்டம் முடியட்டும் என்று நீ சொல்லிவிடாதே. சொன்னாய் என்று தெரிந்தால் உன்னையும் இதே கேமராவில் பிடிப்பேன். பெற்ற பிள்ளை என்று பார்க்க மாட்டேன்.

உன் ஓனரிடம் நீயே பேச வேண்டும். நான் பேசினால் அது சண்டை, நீ பேசினால்தான் அவருக்கு உறைக்கும். பத்திரிகையில் போட்டபடி வரச் சொல். மாலை போடலாம், சாப்பாடு பரிமாறலாம், முதல் வரிசையில் நடு நாற்காலி அவருக்குத்தான். மேடைக்கு மட்டும் ஏறக் கூடாது. கெட்டிமேளம் கொட்டும்போது தட்டில் இருந்து தாலியை எடுத்து உன் கையில் உன் அப்பா கொடுப்பார், இடது கையால் கொடுப்பார். நீ இரண்டு கையையும் நீட்டி, குனிந்து வாங்கு. பீச்சாங்கையா என்று அந்தச் சமயத்தில் யாராவது முணுமுணுத்தால் நீ கோபப்படாதே. இவருடைய வலது கை எங்கே என்று முதல் வரிசையில் உட்கார்ந்திருக்கிறவரைக் கேட்கச் சொல்.